வேலைத் தளங்களின் தரவரிசை: ஒரு மறுப்பு

வேலை தேடும் இளைஞருக்கு இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்கும் அறிவுரை, எந்த வேலைவாய்ப்பு இணையதளம் சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து அதில் பதிவு செய்ய வேண்டும் என்பதாகும். நாளிதழ்களின் வேலைவாய்ப்பு இணைப்புகளும், கல்லூரிகளின் பிளேஸ்மெண்ட் பிரிவுகளும், யூடியூப் வழிகாட்டிகளும் இதனை ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்குகின்றன. நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டீட், ஃபவுண்டிட், ஷைன், அப்னா ஆகிய பெயர்கள் ஓர் அட்டவணையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதிலுள்ள வேலை அறிவிப்புகளின் எண்ணிக்கை, கட்டணம், செயலியின் வசதி, பயனர்கள் அளித்த மதிப்பெண் ஆகியவை தரப்படும். இறுதியில் ஒன்று முதலிடம் பெறும். முடிந்தால் எல்லாவற்றிலும் பதிவு செய்துவிடுவது நல்லது என்ற பின்குறிப்பும் சேரும். இந்த அட்டவணை மூன்று கருத்துகளின் மேல் நிற்கிறது. தளங்கள் யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை, ஆகவே ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவை என்பது முதலாவது. அறிவிப்புகள் மிகுந்த தளமே வாய்ப்புகள் மிகுந்த தளம் என்பது இரண்டாவது. விண்ணப்பங்கள் கூடக் கூட வேலை கிடைப்பதும் எளிதாகும் என்பது மூன்றாவது. பெரிய தளம் என்றால் அது பாதுகாப்பானது என்ற நான்காவது கருத்து வெளிப்படையாகச் சொல்லப்படாமலேயே இவற்றுடன் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த நான்கும் ஆராய்ந்து பார்த்தால் நிற்கமாட்டாதவை. ஒரு தளத்தின் பயன் அது எந்தத் தொழிலுக்கு, எந்த ஊரில், யாருடைய பணத்தில் இயங்குகிறது என்பதைப் பொறுத்து மாறுவதால், பொதுவான தரவரிசை என்ற ஒன்றுக்கே பொருள் கிடையாது.

எதிர்த்தரப்பின் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொள்வது முறை. இணையதளங்கள் வருவதற்கு முன் வேலை தேடுவது செலவும் அலைச்சலும் மிக்க காரியமாக இருந்தது. புதன்கிழமைதோறும் தி இந்து நாளிதழுடன் வந்த ஆப்பர்ச்சூனிட்டீஸ் இணைப்புக்காகவும், 1976 முதல் வெளிவரும் எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் வார இதழுக்காகவும் நூலகங்களில் காத்திருந்தவர்கள், சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் அதிகாரியின் கையொப்பம் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பியவர்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வரிசையில் நின்றவர்கள் ஆகியோரின் சுமையை இணையம் பெருமளவு இறக்கி வைத்தது என்பதில் ஐயமில்லை. சங்கரன்கோவிலில் இருப்பவர் பெங்களூரில் வெளியான அறிவிப்பை அதே மணியில் பார்க்க முடிவது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் இந்த நன்மை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானது. ஒன்றை விட மற்றொன்று மேல் என்பதற்கு இது சான்றாகாது. மேலும், விண்ணப்பிக்கும் செலவு ஒருவருக்குக் குறைந்தபோது அனைவருக்கும் குறைந்தது என்பதையும், அதனால் எழுந்த நெரிசலையும் தரவரிசை எழுதுவோர் கணக்கில் எடுப்பதில்லை.

தளங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது அவற்றின் வரலாற்றிலேயே தெரிகிறது. 1997-இல் சஞ்சீவ் பிக்சந்தானி தொடங்கிய நௌக்ரி, நாளிதழின் வேலை விளம்பரப் பக்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்த விளம்பரத் தளமாகும். நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அறிவிப்பு வெளியிடுகின்றன. 2004-இல் அமெரிக்காவில் தோன்றிய இன்டீட் அடிப்படையில் ஒரு திரட்டி; அதாவது பிற தளங்களிலும் நிறுவனங்களின் சொந்தப் பக்கங்களிலும் வெளியான அறிவிப்புகளைத் தானாகச் சேகரித்து ஒரே இடத்தில் தேடித்தரும் பொறி. 2003-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லிங்க்ட்இன் தொழில்முறை அறிமுகங்களின் வலைப்பின்னல். வேலை அறிவிப்பு அதில் ஒரு பகுதி மட்டுமே. 2019-இல் தொடங்கப்பட்ட அப்னா, டெலிவரி, டெலிகாலிங், கடை விற்பனை போன்ற பணிகளுக்கு ஆள் தேடுபவரையும் வேலை தேடுபவரையும் கைப்பேசியிலேயே பேச வைக்கும் செயலி. 2015-இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளமும் வணிக நோக்கமற்ற பொதுச் சேவைகள். இவற்றை ஒரே அட்டவணையில் நிறுத்தி மதிப்பெண் போடுவது, அளக்கப்படுவது என்ன என்று முடிவு செய்யாமலேயே அளப்பதாகும்.

உடைமை யாருடையது என்று பார்த்தால் அட்டவணை இன்னும் தளர்கிறது. இன்டீட்டும், நிறுவனங்களைப் பற்றி ஊழியர்கள் எழுதும் மதிப்புரைகளுக்குப் பெயர்பெற்ற கிளாஸ்டோரும் போட்டியாளர்களாக அட்டவணைகளில் இடம்பெறுகின்றன; உண்மையில் ஜப்பானைச் சேர்ந்த ரெக்ரூட் நிறுவனம் முன்னதை 2012-இலும் பின்னதை 2018-இலும் வாங்கிவிட்டது. 2001-இல் மான்ஸ்டர் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த தளத்தை 2018-இல் க்வெஸ் கார்ப் வாங்கியது. 2022-இல் அதற்கு ஃபவுண்டிட் என்று பெயர் மாறியது. க்வெஸ் கார்ப் ஒரு ஸ்டாஃபிங் நிறுவனம், அதாவது பிற நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் ஆட்களை வழங்குவதையே தொழிலாகக் கொண்டது. ஆள் வழங்கும் தொழிலில் உள்ளவர் வேலை தேடுவோரின் தளத்தை வாங்கும்போது அத்தளத்தின் நோக்கத்தில் ஏதேனும் மாற்றம் நேர்கிறதா என்று ஒரு தரவரிசையாவது கேட்டிருக்க வேண்டும். செயலியின் நிறத்தையும் வேகத்தையும் மதிப்பிடுவோருக்கு அக்கேள்வி எழுவதேயில்லை.

யார் பணம் தருகிறார் என்பதுதான் இங்கு அடிப்படையான கேள்வி. வேலை தேடுபவருக்கு இலவசம் என்பதை அட்டவணைகள் ஒரு சிறப்பாகக் குறிக்கின்றன. விளம்பரத் தளங்களின் வருவாயில் பெரும்பகுதி நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அதிலும் அறிவிப்பு வெளியிடும் கட்டணத்துடன், பதிவு செய்தோரின் ரெஸ்யூமேக்கள் அடங்கிய தரவுத்தளத்தில் தேடும் உரிமைக்கான சந்தாவும் முக்கியமான பங்கு வகிக்கிறது. நௌக்ரியில் இதற்கு ரெஸ்டெக்ஸ் என்று பெயர். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர் அதன் தேடல் பக்கத்தைத் திறந்தால், திறன்களைக் குறிக்கும் சொற்கள், அனுபவ ஆண்டுகள், வசிக்கும் ஊர், வாங்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எத்தனை நாட்களுக்குள் தளத்துக்கு வந்தவர் என்ற கட்டங்கள் அவருக்கு முன்னே விரிகின்றன. நோட்டீஸ் பீரியட் என்பது இருக்கும் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்ன பின் பணியாற்ற வேண்டிய காலம். அதில் பதினைந்து நாட்களுக்குள் சேரக்கூடியவர் என்று கட்டத்தைக் குறுக்கினால், மூன்று மாதம் பணியாற்றக் கடமைப்பட்டவர் எவ்வளவு திறமையுடையவராயினும் பட்டியலில் தோன்றமாட்டார். பல வாரங்கள் தளத்துக்குள் நுழையாதவரும் அவ்வாறே விடுபடுவார். ரெஸ்யூமேயின் தலைப்பு வரியில் காலைதோறும் ஒரு புள்ளியை நீக்கியோ சேர்த்தோ 'அப்டேட்' செய்யும் பழக்கம் ஐ.டி. துறையில் வேலை தேடுவோரிடையே பரவியிருப்பதற்கு இதுவே காரணம். அறிவிப்புகளைத் தேடும் பக்கத்தை வைத்து இத்தகைய தளத்தை மதிப்பிடுவது, முகப்பைப் பார்த்துவிட்டுக் கிடங்கில் நடக்கும் வியாபாரத்துக்கு விலை சொல்வதைப் போன்றது.

வேலை தேடுபவரிடமும் தளங்கள் பணம் வாங்காமல் இல்லை. ரெஸ்யூமேயை எழுதித் தருதல், ஆட்சேர்ப்பாளரின் பார்வையில் எடுப்பாகக் காட்டுதல், போட்டியிடும் மற்றவர்களைப் பற்றிய விவரம் தருதல் என்று பல பெயர்களில் கட்டணச் சேவைகள் விற்கப்படுகின்றன. விண்ணப்பிப்பதை ஒரே சொடுக்கில் முடியும்படி எளிதாக்கியதால் உண்டான நெரிசலிலிருந்து தப்பிக்கும் வழியை, அந்நெரிசலை உண்டாக்கிய தளமே விற்கிறது என்பதை அட்டவணைகள் 'கூடுதல் வசதி' என்ற தலைப்பின் கீழ் சேர்க்கின்றன.

அறிவிப்புகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளும் இரண்டாவது கருத்துக்கு வருவோமானால், ஓர் அறிவிப்பு ஒரு காலியிடத்துக்குச் சமம் என்ற எடுகோள் அதனடியில் இருப்பது தெரியவரும். நடைமுறையில் ஒரே காலியிடம் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலும், அந்நிறுவனத்துக்கு ஆள் தேடும் இரண்டு மூன்று கன்சல்டன்சிகளின் பெயரிலும், இவை அனைத்தையும் சேகரிக்கும் திரட்டியிலும் தனித்தனி அறிவிப்புகளாகத் தோன்றுவது சாதாரணம். நிரப்பப்பட்ட பின்னும் நீக்கப்படாத அறிவிப்புகளும், காலியிடமே இல்லாமல் வெளியிடப்படும் அறிவிப்புகளும் உண்டு. பின்னாளில் தேவைப்படும்போது கைவசம் இருக்கட்டும் என்று ரெஸ்யூமேக்களைச் சேர்த்து வைப்பதற்காகவும், நிறுவனம் வளர்ந்து வருகிறது என்ற தோற்றத்தை உண்டாக்குவதற்காகவும், உள்ளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு விதிமுறையை நிறைவு செய்வதற்காகவும் இவை வெளியாகின்றன. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், வெளியிடும் அறிவிப்பு உண்மையான காலியிடத்துக்கானதா என்பதை அதிலேயே தெரிவிக்க வேண்டும் என்று 2026 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருப்பது, இக்குறை சட்டம் தலையிடும் அளவுக்கு முற்றியிருப்பதைக் காட்டுகிறது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம், 25 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் நிறுவனங்கள் தம் காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. அதாவது காலியிடம் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் அக்கறையாக இருந்தது. இல்லாத காலியிடத்துக்கு விளம்பரம் தரும் நிலை பின்னாளில் வரும் என்று அன்றைய சட்டத்துக்குத் தோன்ற வழியில்லை. இத்தகைய சூழலில், பல லட்சம் வேலைகள் என்று ஒரு தளம் தன் முகப்பில் காட்டும் எண், அத்தளத்தின் குப்பை எவ்வளவு என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

விண்ணப்பங்களைப் பெருக்கினால் வாய்ப்பு பெருகும் என்ற மூன்றாவது கருத்து, கேட்பவருக்குக் கணக்குப் போலத் தோன்றுவதால் மிகுந்த தீங்கு விளைவிப்பதாகும். விண்ணப்பம் ஒன்றுக்கு ஆகும் உழைப்பு சில நொடிகளாகச் சுருங்கியதும், தகுதியுடையவரும் இல்லாதவரும் எல்லா இடங்களுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். ஓர் இடத்துக்கு விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. அவற்றைப் படிக்க இயலாத நிறுவனம் விண்ணப்பங்களைப் பெற்று வடிகட்டும் மென்பொருளை நாடுகிறது. அம்மென்பொருள் எளிதில் எண்ணக்கூடிய அடையாளங்களைக் கொண்டு ஆட்களை விலக்குகிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை வடிகட்டலில் தகுதியுள்ள, திறன்மிக்க விண்ணப்பதாரர்களும் விலக்கப்படுகிறார்கள் என்று, கேட்கப்பட்ட நிறுவனங்களில் 88 விழுக்காடு ஒப்புக்கொண்டன. பணியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பவரை விலக்குவது அவ்வாய்வு சுட்டிக்காட்டிய பரவலான வடிகட்டிகளுள் ஒன்று. அந்த ஆய்வு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளைப் பற்றியது என்றாலும், அதே வடிகட்டி தமிழ்நாட்டில் யாரைத் தடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று: பிள்ளைப்பேறுக்குப் பின் வேலைக்குத் திரும்ப விரும்பும் பெண்ணும், குரூப் தேர்வுகளுக்காக மூன்று நான்கு ஆண்டுகள் படித்துவிட்டுத் தனியார் துறைப் பக்கம் திரும்பும் பட்டதாரியும் அதில் முதலில் சிக்குவார்கள். இவர்களிடம் இன்னும் நூறு இடங்களுக்கு விண்ணப்பியுங்கள் என்று சொல்வது, ஒரே சல்லடையில் நூறு முறை சலிக்கப்படச் சொல்வதற்கு ஒப்பாகும். பத்துத் தளங்களில் பதிவு செய்வதாலும் இது மாறாது. தளம் வேறாயினும் விண்ணப்பம் போய்ச் சேரும் நிறுவனமும் அதன் மென்பொருளும் ஒன்றே.

தளங்கள் வந்தபின் தெரிந்தவர் மூலம் வேலை என்ற பழைய வழி மங்கிவிட்டது, திறமை மட்டுமே பேசுகிறது என்ற கூற்றும் இக்கருத்தோடு கைகோத்து வருகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் ஆய்வு செய்து 1974-இல் வெளியிட்ட நூலில், வேலை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறிமுகங்கள் வழியாகவே அதைப் பெற்றதாகவும், நெருங்கிய நண்பர்களைக் காட்டிலும் எப்போதாவது சந்திப்பவர்களே அதில் பெரிதும் உதவியதாகவும் காட்டினார். இணையக் காலத்தில் இது மாறிவிட்டதா என்ற கேள்விக்கு, லிங்க்ட்இன்னின் சுமார் 2 கோடிப் பயனர்களை ஐந்தாண்டுகளாக உட்படுத்திய சோதனைகளின் முடிவுகள் 2022-இல் சயின்ஸ் இதழில் வெளியாயின. மிதமான அளவில் பழக்கமுள்ளவர்களின் தொடர்பே புதிய வேலைக்கு மிகவும் துணைபுரிந்தது என்பது அதன் முடிவு. அறிமுகங்களின் பங்கு இணையத்துக்குள்ளும் தொடர்கிறது என்பதே இதன் பொருள். இந்தியாவில் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி நாளிதழ் விளம்பரங்களுக்கு அனுப்பியபோது, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் கொண்டவை உயர்சாதிப் பெயர் கொண்டவற்றை விடக் குறைவாகவே அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்பட்டன. பெயரும் புகைப்படமும் முதல் திரையிலேயே தெரியும் தளங்கள் இந்தப் பாகுபாட்டை ஒழித்துவிட்டதாகக் கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, துறையில் யாரையும் அறியாமல் வருபவருக்கே தளம் மிகுதியாகத் தேவைப்படுகிறது; அவருக்கே அட்டவணை தரும் நம்பிக்கை மிகுதியாக ஏமாற்றமளிக்கிறது.

இதுவரை கூறப்பட்டவை அலுவலக வேலைகளைப் பற்றியவை. இந்தியாவின் தொழிலாளர்களில் மாதச் சம்பளம் பெறும் முறையான ஊதியப் பணியில் இருப்போர், 2023–24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 22 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களின் வேலைச் சந்தை அட்டவணைக்குள் வருவதேயில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் கவனித்தால் இது விளங்கும். பவர்டேபிள் டெய்லர், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று தேவையான ஆட்களை எழுதிய பலகை கம்பெனி வாசலில் தொங்குகிறது. சுவரொட்டிகளில் கைப்பேசி எண்ணுடன் அதே வாசகம் இருக்கிறது. காண்ட்ராக்டர்கள் தம் ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வருகிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஷிஃப்ட் கூலியும் பீஸ் ரேட்டும் பேசப்படுகின்றன. கூலி ஷிஃப்ட் கணக்கிலும், பட்டுவாடா வாரக் கணக்கிலும் நடக்கும் தொழிலில், ஆண்டுச் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கும் படிவத்துக்கு எழுதத்தக்க விடையே கிடையாது. அங்கு முதலிடம் பெற்ற தளத்தை விட வாசல் பலகை பயனுள்ளது. சிறந்த தளம் எது என்று பொதுவாகக் கேட்பவர், யாருக்கு என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேட்கிறார்.

பெரிய தளம் பாதுகாப்பானது என்ற நான்காவது கருத்தை மறுக்க நீண்ட வாதம் தேவையில்லை. நேர்முகத் தேர்வுக்கு அல்லது சான்றிதழ் சரிபார்ப்புக்குப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று தளங்களே எச்சரிக்கை வெளியிடுகின்றன. வேலைத் தளங்களிலிருந்து பெறப்பட்ட பெயர்களையும் எண்களையும் கொண்டு ஏமாற்றிய கும்பல்கள் காவல்துறையிடம் பிடிபட்டிருக்கின்றன. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்ற பெயரில் இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்படுவதாக வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அந்நாட்டின் மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். அவர்களை ஈர்த்தவை பெரும்பாலும் சமூக ஊடக விளம்பரங்களும் முகவர்களும்தான் என்பது உண்மை. ஆனால் பாதுகாப்பு தளத்தின் அளவிலிருந்து அல்ல, அரசுப் பதிவேடுகளைச் சரிபார்ப்பதிலிருந்தே வருகிறது என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இ-மைகிரேட் அரசுத் தளத்தில் உள்ளது. அவர்கள் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் ஆகும். உள்நாட்டு நிறுவனமாயின், வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் அதன் பெயரை இட்டுத் தேடினால், மாதந்தோறும் எத்தனை ஊழியர்களுக்காக எவ்வளவு தொகை செலுத்தப்பட்டது என்பது தெரிகிறது. ஐந்நூறு பேர் பணியாற்றுவதாக விளம்பரத்தில் சொல்லும் நிறுவனம் அங்கு ஏழு பேருக்குப் பணம் கட்டியிருந்தால், எந்தத் தளத்தின் சரிபார்ப்பு முத்திரையும் அதை ஈடுசெய்யாது.

தரவரிசை வேண்டாமென்றால் வேலை தேடுபவர் எதைக் கொண்டு முடிவெடுப்பார் என்ற எதிர்வினா நியாயமானது. ஒப்பிடுவதே தவறு என்பது இங்குள்ள வாதம் அல்ல. ஒப்பிடும் பொருளை மாற்ற வேண்டும் என்பதே வாதம். தன் தொழிலில், தன் ஊரில், கடந்த ஓராண்டில் வேலையில் சேர்ந்தவர்கள் எந்த வழியாகச் சேர்ந்தார்கள் என்று கேட்டறிவது எந்த அட்டவணையையும் விடத் துல்லியமான தரவரிசையைத் தரும்; அது கணக்காளருக்கு ஒன்றாகவும், செவிலியருக்கு மற்றொன்றாகவும், சி.என்.சி. இயந்திரம் இயக்குபவருக்கு வேறொன்றாகவும் இருக்கும். தளத்தில் கண்ட அறிவிப்பு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலும் உள்ளதா, எத்தனை நாள் பழையது, நிறுவனமே வெளியிட்டதா கன்சல்டன்சியா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால், விண்ணப்பங்கள் குறையும். ஒவ்வொன்றுக்கும் செலவிடும் கவனம் கூடும். ரெஸ்யூமே தரவுத்தளத்தை நம்பி இயங்கும் தளத்தில், அறிவிப்புகளைத் துருவுவதை விட ஆட்சேர்ப்பாளர் இடக்கூடிய சொற்கள் தன் ரெஸ்யூமேயில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே பயன் தரும். வலைப்பின்னல் தளத்தில் ஒரு முன்னாள் சக ஊழியருக்கோ கல்லூரி சீனியருக்கோ எழுதும் நான்கு வரி, நூறு சொடுக்குகளுக்கு மேற்பட்ட பயனைத் தரக்கூடும்.

தனிமனிதரின் எச்சரிக்கையோடு இது முடிந்துவிடவும் கூடாது. ஓர் அறிவிப்புக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பதில் போனது, எத்தனை நாளில் போனது, எத்தனை அறிவிப்புகள் ஆள் எடுக்காமலேயே காலாவதியாயின, கன்சல்டன்சிகள் வெளியிட்டவை எத்தனை விழுக்காடு என்ற விவரங்களில் பெரும்பகுதி தளங்களின் கணினிகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மீதியை அவை நிறுவனங்களிடமே கேட்டுப் பெறலாம். தொழில்வாரியாகவும் மாவட்டவாரியாகவும் இவற்றை வெளியிடும்படி அரசு கட்டாயப்படுத்துவதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. பதிவு செய்தவரின் விவரம் யாருக்கு விற்கப்பட்டது என்று அவருக்கே தெரிவிக்கச் செய்வதும் அவ்வாறே. வேலைவாய்ப்பு இணைப்புகளை வெளியிடும் பத்திரிகைகள் கோர வேண்டியதும் இதைத்தான். இந்த எண்கள் மறைந்திருக்கும்வரை, முதல் பத்துத் தளங்கள் என்று அச்சாகும் எந்தப் பட்டியலும் அத்தளங்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைத் திருப்பிச் சொல்வதாகவே இருக்கும். அதை வழிகாட்டி என்று வேலை தேடுபவரிடம் நீட்டுவது பொறுப்பான செயல் ஆகாது.